உளி விழுந்த பொற்காசும் வாழ்த்து அட்டையும்

புத்தாண்டு நாளில் காசின் உருவத்தை வைத்து வாழ்த்துச் சொல்லும் வழக்கம் அச்சுத்தாளைவிட மிகப் பழையது. அதைக் கையாண்டவர்கள் காசுகளை அடித்துப் புழங்கிய ரோமானியர்களே ஆவர். சனவரி முதல் நாளில் அவர்கள் ஒருவருக்கொருவர் அளித்துக்கொண்ட அன்பளிப்புக்கு ‘ஸ்ட்ரேனா’ என்று பெயர். பேரீச்சம்பழம், அத்திப்பழம், தேன் ஆகியவற்றோடு ஒரு காசையும் சேர்த்துக் கொடுப்பது மரபாக இருந்தது. அதற்கான காரணத்தை ஓவிட் என்னும் ரோமானியக் கவிஞர் தம் ‘ஃபாஸ்டி’ நூலின் முதற்பகுதியில், ஆண்டின் வாயிலைக் காக்கும் இருமுகத் தெய்வமாகிய ஜானசிடமே கேட்டறிவதாக அமைத்திருக்கிறார். அந்த நாளுக்கென்றே செய்யப்பட்ட சுடுமண் அகல்விளக்குகள் சில ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. அவற்றில் சிறகு விரித்த வெற்றித் தெய்வம் வட்டக் கேடயம் ஒன்றை ஏந்தி நிற்க, கேடயத்தின் மேல் புத்தாண்டு வாழ்த்து இலத்தீன் எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் அத்திப்பழமும் பேரீச்சம்பழமும் காசுகளும் களிமண்ணில் புடைப்பாக நிற்கும். கையில் காசு இல்லாதவரும் காசின் உருவத்தை அளித்து வாழ்த்துவதற்கு இவ்விளக்குகள் வழிசெய்தன. பேரரசர் அகஸ்டஸ், ஆண்டிறுதியில் வரும் சடர்னாலியா விழாவின்போது, பழைய மன்னர்களின் காசுகளையும் பிற நாட்டுக் காசுகளையும் கூட நண்பர்களுக்குப் பரிசாக வழங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் குறிக்கிறார். பழங்காசு ஒன்றைப் பார்த்து மகிழ்வதற்காகவே பரிசளிக்கலாம் என்ற எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தாளில் அச்சிட்ட வாழ்த்து அட்டையின் வரலாறும் ஓர் அருங்காட்சியகத்தோடு பிணைந்ததாகவே இருக்கிறது. 1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, ஒரு ஷில்லிங் விலைக்கு விற்ற அட்டையே வணிக நோக்கில் அச்சிடப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதே கோல்தான் பின்னாளில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக வளர்ந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அரும்பொருளின் படத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும், உறைக்குள் இட்டு ஒருவருக்கு அனுப்பவும் வகைசெய்யும் படஅட்டைகளும் வாழ்த்து அட்டைகளும் பிறகு உலகெங்கும் அருங்காட்சியக விற்பனைக் கூடங்களின் வழக்கமான சரக்காயின. தமிழ்நாட்டில் மார்கழி பிறந்ததும் கடை வாசல்களில் கயிறு கட்டித் தொங்கவிடப்பட்ட பொங்கல் வாழ்த்து அட்டைகளில் கரும்பும் காளையும் தெய்வ உருவங்களும் திரைக் கலைஞர்களும் நிறைந்திருந்த காலத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அந்த வரிசையில் ரோமானியப் பொற்காசின் படம் வந்தால், முதற் பார்வைக்கு அது அயலாருடைய பொருளாகத் தோன்றக்கூடும். உண்மையில் அக்காசுகள் மிகுதியாகக் கிடைத்த நிலங்களுள் ஒன்று தமிழகம். அதிலும் குறிப்பாகக் கொங்கு நாடு.

ரோமானியர்களின் பொற்காசுக்கு ‘ஔரியஸ்’ என்று பெயர். அதன் குறுக்களவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். அகஸ்டஸ் காலத்தில் அதன் எடை 7.8 கிராம் அளவில் இருந்தது. பொன்னோ ஏறக்குறையக் கலப்பில்லாதது. எட்டு கிராம் கொண்ட பவுனில் நகை வாங்கிப் பழகிய தமிழ் வீடுகளுக்கு இந்த அளவைத் தனியே விளக்க வேண்டியதில்லை: ஓர் ஔரியஸ் என்பது ஒரு பவுனுக்குச் சற்றே குறைவு. ஒரு பொற்காசுக்கு ‘தினாரியஸ்’ என்னும் வெள்ளிக்காசு இருபத்தைந்து. செஸ்டர்ஸ் என்னும் கணக்கலகில் அது நூறு. கி.பி. 64-ஐ ஒட்டிப் பேரரசர் நீரோ இரு காசுகளின் எடையையும் குறைத்தார். ஒரு ரோமானிய இராத்தல் பொன்னில் அதுவரை நாற்பது காசுகள் அடித்துவந்த நாணயச்சாலை, அதன்பின் நாற்பத்தைந்து அடித்தது. வெள்ளிக்காசில் எடை குறைந்ததோடு மாற்றும் குறைந்தது. காசை முகத்தைப் பார்த்து வாங்காமல் தராசில் இட்டும் உரைத்தும் வாங்கிய இந்திய வணிகர்களுக்கு இது உடனே தெரிந்திருக்க வேண்டும். இங்குக் கிடைத்த வெள்ளிக்காசுகளுள் மிகப் பெரும்பான்மை நீரோவின் குறைப்புக்கு முற்பட்ட அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த பேரரசர் திபேரியஸ் ஆகியோர் காலத்தவையாக இருப்பதற்கு அறிஞர்கள் கூறும் காரணங்களுள் இது முதன்மையானது.

அட்டை ஒன்றில் அச்சாகக்கூடிய காசுகளுள் திபேரியசின் பொற்காசு மிகவும் பொருத்தமானது. ஏனெனில் தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாக வரும் முகங்களுள் அவருடையதும் ஒன்று. முன்பக்கத்தில், வாகை இலைகளால் ஆன மாலையைத் தலையில் அணிந்து, வலப்புறம் நோக்கிய பக்கவாட்டு முகம் இருக்கும். கழுத்துக்குப் பின்னால் மாலையின் நாடா இரு முனைகளாகத் தொங்கும். விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகள் இடைவெளியின்றியும் சுருக்கங்களாகவும் இருப்பதால் முதலில் புரியாது. விரித்துப் படித்தால் ‘திபேரியஸ் சீசர், தெய்வமான அகஸ்டசின் மகன், அகஸ்டஸ்’ என்று வரும். பின்பக்கத்தில், ஒரு கையில் செங்கோலும் மறு கையில் மரக்கிளையும் ஏந்தி இருக்கையில் அமர்ந்த பெண் உருவமும், ‘தலைமைக் குரு’ என்னும் பதவியைக் குறிக்கும் சுருக்கெழுத்தும் காணப்படும். அந்தப் பெண்ணைத் திபேரியசின் தாய் லிவியா என்று கொள்வோர் பலர். இக்காசை அடித்த இடம் லுக்டுனம், அதாவது இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரம். சூடேற்றிய பொன் வட்டை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்து, மேலச்சின் தலையில் சம்மட்டியால் ஓங்கி அடித்து இதை உருவாக்கினர். அடி சற்று விலகினால் முகம் நடுவில் அமையாது, எழுத்தில் ஒரு பகுதி விளிம்புக்கு வெளியே போய்விடும். ஆகையால் ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகளும்கூட ஒன்றுபோல் இரா. காசின் படத்தைப் பார்ப்பவர் இந்த விலகலைக் குறையாகக் கருதாமல், அதை அடித்தவருடைய கை அசைந்த அடையாளமாகப் பார்க்கத் தொடங்கினால், படம் பேசத் தொடங்கிவிடும்.

லியோனில் அடித்த காசு கொங்கு மண்ணுக்கு வந்த காரணத்தை அறியச் சேர்வராயன் மலையின் தோட்டம் ஒன்றைப் பார்த்தாலே ஒரு பாதி விளங்கும். ஏற்காட்டை அடுத்த கரடியூர்ப் பக்கத்தில் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக் கொடி படர்ந்து ஏறியிருப்பதை இன்று காணலாம். இம்மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், சேலத்தின் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில்தான்; ரோமானியர் வாங்கிய மிளகோ மேற்குக் கடற்கரையின் சேர நாட்டு மலைகளில் விளைந்தது. ஆனால் மரத்தைச் சுற்றி ஏறும் இந்தக் கொடியின் காய்தான், எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்த கப்பல்கள் சேர நாட்டு முசிறித் துறையில் பொன்னைக் கொட்டி வாங்கிச் சென்ற முதன்மைச் சரக்கு. யவனர்களின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை அகநானூற்றின் 149-ஆம் பாடல் காட்டுகிறது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘செங்கடல் வழிப் பயணக் குறிப்பு’ என்னும் கையேடு, அத்துறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவற்றுள் நாணயத்தை முதலிலேயே குறிக்கிறது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று, முசிறியிலிருந்து ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்குக்கு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் மதிப்பிடுகிறது. அது ஒரே ஒரு கப்பலின் சுமை.

மற்றொரு பாதிக் காரணம் கொங்கு நாட்டின் கற்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் காவிரிச் சமவெளியையும் இணைத்த பெருவழி நொய்யல் கரையோரம் சென்றது. அந்தக் கரையில் இருந்த கொடுமணலில் 1980-களிலிருந்து நடைபெற்ற அகழாய்வுகள், நீலம் கலந்த பச்சை நிறமுள்ள பெரில் கல்லையும் பளிங்கையும் சூதுபவளத்தையும் மணிகளாக்கிய பட்டறைகளை வெளிக்கொணர்ந்தன. காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் பெரில் வெட்டப்பட்ட சுரங்கத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடியும் தோண்டியவர் ஜே.எம். ஹீத், சேலத்து இரும்பின் தரத்தைக் கண்டு பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவரும் அவரே. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்ததும், பின்னர் அதே ஊரில் மேலும் புதையல்கள் வெளிப்பட்டதும், கரூரிலும் பொள்ளாச்சியிலும் சேலம் மாவட்டக் கோனேரிப்பட்டியிலும் ரோமானியக் காசுகள் கிடைத்ததும் இந்தப் பெருவழியின் தடத்தைக் காட்டுகின்றன.

இந்தப் பொன் ஓட்டம் ரோமில் கவலையை உண்டாக்கியது. கி.பி. 22-இல் திபேரியஸ் தம் மூதவைக்கு (செனட்டுக்கு) எழுதிய கடிதத்தில், பெண்களின் அணிமணிகளுக்காக நாட்டின் செல்வம் அயலாரிடம் போய்ச் சேர்வதைக் குறித்து வருந்தியதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். அவ்வாறு வருந்திய அரசரின் முகமே தென்னிந்திய மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சை இழுத்துக்கொள்கிறது என்று அரை நூற்றாண்டு கழித்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். அது ஐந்து இலட்சம் பொற்காசு. நீரோவின் குறைந்த எடையில் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு மூன்றரை டன் பொன்னுக்கு மேல் வரும். அறிவுரை சொல்ல விரும்பிய எழுத்தாளர் கணக்கைச் சற்றுப் பெருக்கியிருக்கலாம், முழுத் தொகையும் காசாகவே வந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆயினும் அளவின் பெருமை அதனால் பெரிதும் குறைந்துவிடவில்லை.

தமிழகத்தில் கிடைத்த பொற்காசுப் புதையல்களுள் மிகவும் பேசப்படுவது புதுக்கோட்டைப் புதையல். அப்போது தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையில், ஆலங்குடிப் பக்கத்துக் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன; அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான அரசர்களின் காசுகள் அவற்றில் இருந்தன. அவற்றை ஆராய்ந்து அதே ஆண்டில் கட்டுரை வெளியிட்டவர் ஜி.எஃப். ஹில்; பின்னாளில் அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பொறுப்புக்கு உயர்ந்தார். அவருடைய கணக்கின்படி 501 காசுகளில் 461 காசுகள் வெட்டுப்பட்டவை. ஒரு கூரிய உளியை அரசரின் முகத்தின் மேல் நிறுத்தி ஒரே அடியாக அடித்திருக்கிறார்கள். சில காசுகளில் வெட்டு நெற்றியிலிருந்து தாடைவரை இறங்குகிறது, சிலவற்றில் கன்னத்தைக் குறுக்காகப் பிளக்கிறது. பொன் மெத்தென்ற உலோகமாதலால் வெட்டின் இரு கரைகளும் மெல்லிய வரம்பாக எழும்பி நிற்கின்றன. மறுபக்கத்தில் அதே இடம் சற்றே புடைத்துத் தெரிகிறது.

இந்த வெட்டுக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை பல. உள்ளே மலிவான உலோகம் வைத்து மேலே பொன் பூசிய போலியா என்று சோதித்தார்கள் என்பது ஒரு கருத்து. ஆனால் சோதனைக்கு விளிம்பில் சிறு கீறல் போதும், நானூற்றுக்கு மேற்பட்ட முகங்களைத் தேடித் தேடி வெட்ட வேண்டியதில்லை. அயல்நாட்டு அரசரின் உருவம் தாங்கிய காசு தம் ஆட்சிப் பரப்பில் நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்று உள்ளூர் ஆட்சியாளர் அறிவித்த முறை இது என்பது மற்றொரு கருத்து. தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்குவதற்கான அடையாளம் என்போரும் உண்டு. முகத்தையே குறிவைத்த வெட்டு, ஒரே கையால் தொகுதியாக நடந்த வேலையைப் போன்ற தோற்றம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, நாணயத் தகுதியை நீக்கும் செயல் என்ற விளக்கமே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

வாழ்த்து அட்டைக்குக் காசு தேர்ந்தெடுப்பவர்கள் இயல்பாகவே குறையற்ற, பளிச்சென்ற, வெட்டுப்படாத காசைத்தான் எடுப்பர். அந்தத் தேர்வில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. வெட்டுப்படாத திபேரியஸ் காசை உலகின் எந்த அருங்காட்சியகமும் அச்சிடலாம்; அது பேரரசின் கதையை மட்டுமே சொல்லும். உளி விழுந்த காசோ லியோனின் நாணயச்சாலையையும், செங்கடலையும், முசிறியையும், அதை இங்கு வாங்கித் தன் விதிப்படி நடத்திய ஒரு தமிழகத்துக் கையையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த உளியைப் பிடித்தவர் யார் என்பதைப் பற்றி ஒரு கல்வெட்டும் இல்லை. அவருடைய கையெழுத்தாக எஞ்சியிருப்பது அந்த வெட்டு ஒன்றே. அதை அழகுக்கேடு என்று ஒதுக்குவது தமிழர் பங்கைப் படத்திலிருந்து நீக்குவதாகும்.

தமிழகத்துக் கை பட்ட வேறு அடையாளங்களும் உண்டு. அரசரின் தலைக்கு மேலே அருகருகே இரண்டு சிறு துளைகள் இடப்பட்ட காசுகள் தென்னிந்தியாவில் கிடைத்துள்ளன. நூலிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிடும்போது முகம் நிமிர்ந்து நேராக நிற்கும்படி கணக்காக இட்ட துளைகள் அவை. வேறு சிலவற்றில் வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. காசை அணிகலனாக்கும் இந்தப் பழக்கத்தின் சூழலைக் குறுந்தொகையின் 67-ஆம் பாடலில் உணரலாம்: வேப்பம்பழத்தை அலகில் கவ்விய கிளிக்கு, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றைக் கூரிய நகத்தால் பற்றியிருக்கும் தோற்றத்தை அல்லூர் நன்முல்லையார் உவமையாக்கியிருக்கிறார். அங்குச் சொல்லப்படும் காசு உள்ளூர் அணிகலத்தின் உறுப்பாகவே இருக்கலாம். ஆயினும் பொன்வட்டை நூலில் கோக்கும் விரலசைவு அக்காலத்துக்கு நன்கு பழகியது என்பது ஐயமற விளங்குகிறது. பிற்காலத்துக் காசுமாலையும், ஆங்கிலேயர் காலத்துப் பவுன் காசுகளைக் கோத்த சரடும் அதே வழக்கத்தின் வளர்ச்சி. பொன் வாங்க இயலாதவர்களுக்காக ரோமானியக் காசின் உருவத்தைக் களிமண்ணில் ஒற்றிச் சுட்டு, கழுத்தில் அணியும் வில்லைகளாக்கியதும் இந்தியாவில் நடந்தது. காசின் படத்தை மலிவான பொருளில் பெருக்கி அணிந்து மகிழ்ந்த அந்த வில்லைகளைத் தாளட்டையின் முன்னோடிகள் என்று கூறுவது மிகையாகாது.

காசு கிடைத்த இடத்தைக் குறிப்பது ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பதற்குச் சேர்வராயன் மலையே ஒரு பெரும் ஆசிரியரைத் தந்திருக்கிறது. 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த இராபர்ட் புரூஸ் ஃபூட், புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வுபெற்றபின் ஏற்காட்டில் குடியமர்ந்தார். 1912-இல் அவர் மறைந்ததும் ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் அமைந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் தாம் திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும் அவர் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். அவருடைய மறைவுக்குப் பின் அந்த அருங்காட்சியகம் வெளியிட்ட பட்டியல், பொருள்களை மாவட்ட வாரியாகவும் ஊர் வாரியாகவும் பகுத்துத் தருகிறது. சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகளுக்கும் அதில் இடம் உண்டு. எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பை நீக்கிவிட்டால் அந்தக் கோடரி வெறும் கல். அந்தக் குறிப்பு இருப்பதால்தான் இம்மலையில் மக்கள் வாழ்ந்த காலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிக் கொண்டுசெல்ல முடிகிறது. பொற்காசுக்கும் இதே விதி பொருந்தும். 1851-இல் தொடங்கப்பட்டு, 1854 முதல் எழும்பூரில் இயங்கிவரும் அந்த அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ரோமானியக் காசுகள் புதையல் வாரியாகக் காக்கப்படுவதன் காரணமும் இதுவே. 1992-இல் பழைய தென்னாற்காடு மாவட்டத்துச் சோரியப்பட்டில் கிடைத்த 193 ரோமானியப் பொற்காசுகள் அங்கு வந்து சேர்ந்ததால், அவற்றை ஒரே தொகுதியாக வைத்து ஆராய இயன்றது.

எல்லாப் புதையல்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1847-இல் கண்ணூருக்கு அருகிலுள்ள கோட்டயத்தில் ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவுக்குப் பொற்காசுகள் வெளிப்பட்டன என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அவற்றில் மிகச் சிறு பகுதியே அறிஞர்களின் கைக்கு எட்டியது, மற்றவை பல கைகளுக்குச் சிதறிப் போயின. பொற்கொல்லரின் மூசையில் உருகிய காசு வளையலாகவோ தோடாகவோ எங்கேனும் இருக்கும். ஆனால் அது தாங்கியிருந்த முகமும் எழுத்தும் வெட்டும் துளையும் திரும்பி வரா. இத்தகைய இழப்புகளைக் கண்ட பின்னர் படத்தின் மதிப்பு வேறுவிதமாகத் தெரிகிறது. நல்ல படம் ஒன்று ஆயிரம் பேரிடம் பரவியிருந்தால், வீட்டுக் கடைக்காலோ கிணறோ தோண்டும்போது அதே போன்ற வட்டத்தைக் காணும் ஒருவர் அதை அடையாளம் கண்டுகொள்வதற்கு வாய்ப்பு உண்டு.

அட்டையை உருவாக்குவதிலும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. பொன் ஒளியைத் திருப்பி அடிக்கும் பொருளாதலால், நேர் எதிரே விளக்கை வைத்துப் படம் எடுத்தால் புடைப்புகள் வெளிறிப் போகும். ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக ஒளி பாய்ச்சினால் மூக்கின் நிழலும் மாலையின் இலைகளும் எழுத்தின் விளிம்பும் தெளிவாக எழுந்து நிற்கும். உளி வெட்டைக் காட்டுவதற்கு ஒளி அந்த வெட்டுக்குக் குறுக்காக விழ வேண்டும். நான்கு வண்ண ஆப்செட் அச்சில் பொன் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்பும் கலந்த மங்கல் நிறமாகவே வரும்; ஆதலால் சிவகாசி அச்சகங்கள் திருமண அழைப்பிதழ்களில் பயன்படுத்துவது போல ஃபாயில் என்னும் பளபளக்கும் தாள் அச்சையும் எம்போசிங்கையும் சேர்ப்பது உண்டு. எம்போசிங்கில் மேலும் கீழுமாக இரண்டு டைகளுக்கு இடையே தாளை வைத்து அழுத்துகிறார்கள். லியோனில் பொன்னுக்கு நடந்ததே இங்குத் தாளுக்கு நடக்கிறது. ஆயினும் முகம் முழுவதையும் பளபளக்கும் தாளால் மூடிவிட்டால் நுண்ணிய விவரங்கள் மறைந்துவிடும். விளிம்புக் கோட்டுக்கு மட்டும் ஃபாயில் இட்டு, காசின் பரப்பை ஒளிப்படமாகவே விட்டுவைப்பது நன்று. இரண்டு சென்டிமீட்டர் காசைப் பத்து சென்டிமீட்டருக்குப் பெருக்கி அச்சிடும்போது, ஒரு மூலையில் உண்மை அளவிலும் ஒரு சிறு படம் இருத்தல் வேண்டும். அது இல்லையென்றால் பார்ப்பவர் மனத்தில் அது பதக்கம் போன்ற பெரிய பொருளாகப் பதிந்துவிடும்.

அட்டையின் பின்பக்கத்தில் வழக்கமாக அச்சகத்தின் பெயரும் விலையும் மட்டுமே இருக்கும். அந்த வெற்றிடத்தில் அரசரின் பெயர், காசின் எடை, அடிக்கப்பட்ட நகரம், கண்டெடுக்கப்பட்ட ஊர், ஆண்டு ஆகிய ஐந்தும் நான்கு வரிகளில் அடங்கும். இன்னும் இரண்டு வரிக்கு இடமிருந்தால், 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின் சாரத்தைச் சேர்க்கலாம்: மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், உரிமையாளர் எவரும் இல்லையென்று முடிவானால், நிலத்துக்கு உரியவரோடு வேறு உடன்பாடு இல்லாதபோது நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கும் ஒரு பங்கு நிலத்துக்கு உரியவருக்கும் சேரும், அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கும், மறைத்தவர் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவார்.